எம்.பி.க்கு எழுதுவதா, வேண்டாமா?

அன்புள்ள ஐயா,

லண்டன் ஹாரோவில் இருக்கிறேன், சொந்த இடம் சாவகச்சேரி. வெளிநாட்டு உதவி நிதியை வெட்டக் கூடாது என்று எம்.பி.க்கு அனுப்பச் சொல்லி நண்பர்கள் ஒரு கடிதத்தைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். பெயரைப் போட்டால் போதுமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே முழங்கால் ஒப்பரேஷனுக்கே மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். கொடுக்கிற காசையும் அங்கே ஆள்பவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். ஒரு கடிதத்தால் என்ன மாறிவிடும்?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. பிரிட்டன் 2013இல் அதை எட்டி, 2015இல் சட்டமும் ஆக்கியது. மிகச் சிறிய சட்டம், படித்துப் பாருங்கள். இலக்கு தவறினால் அமைச்சர் காரணம் சொல்லி நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்க வேண்டும், அவ்வளவுதான். வேறெந்த வழியிலும் பொறுப்புக் கேட்க முடியாது என்று மூன்றாம் பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது. நீதிமன்றத்தில் வேலையில்லை. மலாவியில் தடுப்பூசிக்குக் காத்திருப்பவருக்கு ஹாரோவில் ஓட்டும் இல்லை. மிஞ்சுவது எம்.பி.; அவரைக் கேட்க உரிமையுள்ளவர் தொகுதிக்காரரான நீங்கள்.

2021 ஜூலையில், அந்த 0.7ஐ 0.5 சதவீதமாகக் குறைத்ததைத் தொடரும் தீர்மானம் 333க்கு 298 என்று நிறைவேறியது. 18 பேர் மாறி வாக்களித்திருந்தால் தோற்றிருக்கும். முன்னாள் பிரதமர் தெரசா மேயே சொந்தக் கட்சியின் கொறடாவை மீறி எதிர்த்தார். இப்போது தொழிற்கட்சி அரசு 2027க்குள் 0.3க்கு இறக்குகிறது.

உங்கள் முழங்கால் வலி உண்மையானது. ஆனால் வெட்டிய பணம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ராணுவச் செலவுக்காகவே இந்தக் குறைப்பு என்று 2025 பிப்ரவரியில் பிரதமர் ஸ்டார்மர் வெளிப்படையாகவே அறிவித்தார். அதற்காக உதவித்துறை அமைச்சர் அன்னலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். பழைய இலக்கே நூறு பவுண்டுக்கு 70 பென்ஸ்தான்.

விழுங்குவதைப் பற்றிச் சொன்னீர்கள். விழுங்குகிறவர்கள் அங்கே மட்டும் இல்லை. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் கொடுத்த உதவி ஆயுத விற்பனையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. 1994இல் லண்டன் உயர் நீதிமன்றமே அந்த உதவி சட்டவிரோதம் என்றது. 2023இல் உதவி நிதியின் கால்வாசிக்கு மேல் பிரிட்டனை விட்டே வெளியேறவில்லை. பிரிட்டனுக்கு வந்த அகதிகளின் ஹோட்டல் முதலிய செலவுகளுக்குப் போனது. அகதிகளைப் பராமரிக்கத்தான் வேண்டும். அதை ஏழை நாடுகளின் கணக்கில் எழுத விதி இடம் கொடுக்கிறது, எனக்கு அது பித்தலாட்டமாகவே படுகிறது. இவ்வளவுக்கும் நடுவே போய்ச் சேரும் பணமும் உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு பிரிட்டிஷ் நிதி வந்திருக்கிறது.

நண்பர்களின் கடிதத்தை அனுப்ப வேண்டாம். ஒரே வாசகம் நூறு வந்தால் அலுவலகத்தில் ஒன்றாகக் கட்டி ஒரே பதில் போடுவார்கள். முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் போட்டு, சொந்த வார்த்தையில் பத்து வரி எழுதுங்கள். ஆஸ்பத்திரிக் கோபத்தையும் எழுதலாம், தப்பில்லை. பொதுவாக "உதவுங்கள்" என்றால் பொதுவாகவே பதில் வரும். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி வாங்கும் ‘காவி’ (Gavi) என்ற சர்வதேச அமைப்புக்கு 2020இல் 165 கோடி பவுண்டு தருவதாகச் சொன்ன அரசு, 2025இல் அடுத்த ஐந்தாண்டுக்கு 125 கோடி என்று இறங்கியது. அந்த 40 கோடியைத் திரும்பக் கேட்டுச் சபையில் பேசுவீர்களா, மாட்டீர்களா என்று கேளுங்கள்.