அடுத்த வீட்டுச் சோப்புத் தண்ணீரும் சுவர் தாண்டிய முருங்கையும்

கேள்வி: பாளையங்கோட்டையில் சொந்த வீடு. அடுத்த வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர் காம்பவுண்டு சுவரின் அடி ஓட்டை வழியாக எங்கள் தோட்டத்துக்குள் வருகிறது. எலுமிச்சை மஞ்சளடிக்கிறது, வாழை இலை ஓரம் கருகுகிறது. அவர்கள் முருங்கைக் கிளை எங்கள் பக்கம் சாய்ந்து, மழை வந்தால் கம்பளிப்பூச்சி கொடித்துணி வரை ஏறுகிறது. அண்ணாச்சியிடம் சொன்னால் “பாப்போம்” என்கிறார். ஓட்டையை அடைத்துவிட்டுக் கிளையையும் வெட்டிவிடலாமா?

கிளையை வெட்டலாம். ஓட்டையை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்த வழியாக மழைத்தண்ணீரும் 20 வருடத்துக்கு மேல் தடையில்லாமல் வடிந்து வந்திருந்தால், 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டப்படி, தொடர்ந்து அப்படியே வடிய அவர்கள் உரிமை கோர இடமுண்டு. புகார் சொல்ல வேண்டிய நீங்கள் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவீர்கள்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். துணி சோப்புத்தூளில் சோடியம் அதிகம். அது மண்ணின் பொலபொலப்பைக் கெடுக்கும். மேல்மண் காய்ந்ததும் ஓடு போல இறுகி, ஊற்றுகிற தண்ணீர் இறங்காது. மண்ணில் காரம் ஏறினால் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. எலுமிச்சையின் இளம் இலையைப் பறித்துப் பாருங்கள்: நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இதுதான் கோளாறு. உரக்கடையில் கேட்டு யூரியா வாங்கிப் போடுவது வீண் செலவு. மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பி.எச். (மண்ணின் காரத்தைக் காட்டும் அளவு) 8.5-ஐத் தாண்டியிருந்தால் வாழை ஒன்றுக்கு 2 கிலோ ஜிப்சம், 15 கிலோ தொழுவுரம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஜிப்சம் போட்டபின் நல்ல தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சி உப்பை இறக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் வருவது நின்றபிறகுதான் இதெல்லாம் பலிக்கும்.

அதற்கு அண்ணாச்சியிடம் “தண்ணி விடாதீங்க” என்று மட்டும் சொன்னால் “பாப்போம்”தான் வரும். ஒரு பிளம்பரைக் கூட்டிப்போய், குழாயை நீட்டித் தெரு வாருகாலில் (சாக்கடையில்) சேர்க்க என்ன ஆகும் என்று அவர் எதிரிலேயே கேளுங்கள். பாதிச் செலவு உங்களுடையது என்றும் சொல்லுங்கள். அநியாயம்தான், ஆனால் வக்கீல் பீஸை விடக் குறைவு. வாருகால் தூரமென்றால் அவர்கள் பக்கமே உறிஞ்சுகுழி தோண்டி, சுற்றிக் கல்வாழை வைக்கலாம். அது எதையும் தாங்கும்.

முருங்கைக்கு வருவோம். எல்லைக்கோட்டைத் தாண்டிய கிளையை உங்கள் பக்கம் நின்றே, அதே கோடு வரை வெட்டலாம். சுவர் ஏறி அந்தப் பக்கம் இறங்கக் கூடாது. காய் மரத்துக்காரருடையது, கொடுத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முந்தின நாள் சொல்லிவிடுங்கள். ஆடிக் காற்றில் முறிந்து விழுகிற மரம், சொன்னால் யாரும் பெரிதாக மறுக்க மாட்டார்கள்.

பூச்சி கிளையோடு போகாது. பகலில் அவை அடிமரத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும், ராத்திரிதான் மேலேறி இலையைத் தின்னும். அடிமரம் இருப்பதோ அவர்கள் கொல்லையில். அதனால்தான் சண்டை போடாதீர்கள் என்கிறேன். பேச்சுவார்த்தை இருந்தால், பகலில் போய்த் தீப்பந்தத்தை மரப்பட்டை கருகாமல் லேசாகக் காட்டிக் கூட்டத்தையே அழிக்கலாம். முடி பட்டால் அரிக்கும், கையுறை முக்கியம். முதல் மழை விழுந்ததும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு விளக்குப்பொறி வைத்தால் முட்டையிட வரும் அந்துப்பூச்சிகள் அதில் விழும்.

இவ்வளவுக்கும் மசியவில்லையா? தண்ணீர் வருவதைத் தேதியோடு போட்டோ எடுங்கள். மாநகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். போலீஸுக்குப் போனால் “சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்தது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடாமலே இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள், கட்டணம் கிடையாது. வழக்கு என்றே ஆனாலும், மனுதாரர் பெண்ணாக இருந்தால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அங்கே எழுதிக் கையெழுத்திடும் சமரசத்தில் குழாய் எந்த வழியாகப் போகும், எந்தத் தேதிக்குள் முடியும் என்பது இருக்க வேண்டும். ஓட்டையை அதற்குப் பிறகு அடைத்துக்கொள்ளலாம்.