முதல் பத்தைத் தாண்டுங்கள்: புது யோசனை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: "எனக்கு எதுவும் புதிதாகத் தோன்ற மாட்டேன் என்கிறது." ஆனால் ஒவ்வொருவர் நிலைமையும் வேறு. அதனால் தனித்தனியாகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸில் வாராவாரம் யோசனைக் கூட்டம் நடக்கிறது. மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும்தான் பேசுகிறார்கள். மற்ற எட்டுப் பேரும் தலையாட்டிவிட்டு எழுந்து வருகிறோம். இதை எப்படி மாற்றுவது?
– வாசகர், சென்னை

தலையாட்டுகிறவர்களிடம் சரக்கு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கோளாறு கூட்டம் நடக்கும் முறையில் இருக்கிறது.

எல்லோரும் கூடி உட்கார்ந்து வாய்விட்டு யோசிக்கும் 'பிரெயின்ஸ்டார்மிங்' முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். 1940, 50களில் அவர் எழுதிய புத்தகங்கள் வழியாக அது உலகம் முழுக்கப் போனது. அவர் விதித்தவை நான்கு: அப்போதைக்கு யாரையும் குறை சொல்லாதே, எண்ணிக்கையைப் பெருக்கு, கிறுக்குத்தனமாகத் தோன்றினாலும் சொல், அடுத்தவர் சொன்னதை வளர்த்தெடு. நான்கும் அருமையான விதிகள். ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தபோது, ஒன்றாக உட்கார்ந்து யோசித்த நால்வரைவிட, தனித்தனி அறையில் யோசித்த நால்வரின் பட்டியலைச் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு யோசனை இருந்தது. 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு முக்கியக் காரணத்தைக் கண்டார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நம் யோசனை மறந்துபோகும், இல்லையென்றால் "இது சரிப்படாது" என்று நாமே அமுக்கிவிடுவோம்.

எனவே பேச்சுக்கு முன் எழுத்து. 1968-ல் பெர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் சொன்ன முறை இது. ஆறு பேர், ஆளுக்கொரு தாள். ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுதி, தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு அதன் கீழே இன்னும் மூன்று எழுதுவார். இப்படி ஆறு சுற்று போனால் அரை மணி நேரத்தில் 108 யோசனை சேர்ந்துவிடும். நீங்கள் பதினோரு பேர் என்பதால் இரண்டு மேசையாகப் பிரியுங்கள். பெயர் எழுத வேண்டாம். மேனேஜரும் எழுதட்டும், ஆனால் கருத்துச் சொல்வது கடைசியில். எது தேறும், எது தேறாது என்ற பேச்சை மறுநாளைக்குத் தள்ளிவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். உருவாக்கும்போதே எடைபோட ஆரம்பித்தால் கூச்சப்படுகிறவர்கள் மறுபடியும் வாயை மூடிக்கொள்வார்கள்.

சிறுகதை எழுதுகிறேன். உட்கார்ந்தால் நாலைந்து கரு வரும், அப்புறம் வற்றிவிடும். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லதா?
– வாசகி, திருநெல்வேலி

நிறுத்தவே நிறுத்தாதீர்கள் அம்மா. முதலில் வருவது எல்லோருக்கும் வருவதுதான். செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்கும் ஒரு சோதனை உண்டு, ஜே. பி. கில்ஃபர்ட் என்ற உளவியலாளர் வழியாகப் பிரபலமானது. யாரிடம் கேட்டாலும் முதலில் சுவர் கட்டலாம், படி வைக்கலாம், தாள் பறக்காமல் மேலே வைக்கலாம் என்பார்கள். கொஞ்சம் திணறிய பிறகுதான், பொடித்துக் கோலத்துக்குக் காவி போடலாம், வெயிலில் காயவைத்து எடுத்துக் கம்பளியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம் என்று வரும். பட்டியல் நீள நீள அபூர்வமானவை கூடுகின்றன என்பதைக் கில்ஃபர்டும் அவர் கூட்டாளிகளும் 1957-லேயே எழுதியிருக்கிறார்கள். 2020-ல் வந்த இன்னோர் ஆய்வு (லூகாஸ், நார்ட்கிரென்) உங்கள் கேள்விக்கே பதில் போல இருக்கிறது: நேரம் போகப்போகத் தங்கள் கற்பனை வறண்டுவிடும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள், ஆனால் அவர்கள் எழுதியதன் தரம் குறையவில்லை. வற்றியதாகத் தோன்றுவது அலுப்பு, அவ்வளவுதான்.

ஒரே உட்காரலில் இருபது கரு எழுதுங்கள். முதல் பத்தை ஓரமாக வைத்துவிட்டு, பதினொன்றிலிருந்து படித்துப் பாருங்கள்.

இன்னொரு வழி, உங்களை நீங்களே கட்டிப்போடுவது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் புலவர்களுக்குப் பழகிய சவால். கடைசி அடி மூன்றே சீர், அதுவும் வேறொருவர் கொடுத்தது. தளை தட்டாமல் மேலிருந்து இறங்கி அங்கே போய்ச் சேர வேண்டும். எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றால் மனம் பழகிய பாதையில்தான் போகும். முடிவை யாரோ கட்டிவிட்டால் புது வழி தேடியே ஆகவேண்டும். தோழி ஒருவரிடம் கதையின் கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டு வாங்கி எழுதிப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது.

மேசையில் உட்கார்ந்தால் ஒன்றும் ஓடாது. நடக்கும்போதும் குளிக்கும்போதும்தான் யோசனை வருகிறது. படிப்பில் கவனம் போதவில்லையோ?
– ஆராய்ச்சி மாணவர், திருச்சி

இல்லை. 2014-ல் ஸ்டான்ஃபர்டு ஆய்வு ஒன்றில், நடக்கும்போது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் ஒரே விடை உள்ள புதிர்களுக்கு நடை உதவவில்லை. பேருந்துப் படியில் கால் வைத்த கணத்தில் கணித மேதை புவான்கரேக்கு விடை தோன்றிய கதையைச் சொல்வார்கள். அதற்கு முன் அவர் நாள்கணக்கில் மேசையில் மல்லுக்கட்டியதையும் அவரே எழுதியிருக்கிறார். உங்கள் சிக்கலை ஒரே வரியில் கேள்வியாக எழுதிவிட்டு நடக்கக் கிளம்புங்கள்.

'மிட்-பிரெயின் ஆக்டிவேஷன்' வகுப்பில் சேர்த்தால் பையனின் கற்பனைத் திறன் வளரும் என்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கிறார்களாம். சேர்க்கலாமா?
– ஒரு தாய், ஈரோடு

சேர்க்காதீர்கள். கண்கட்டுக்குக் கீழே, மூக்கோரத்து இடைவெளி வழியாகத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அந்த இடைவெளியைப் பஞ்சு வைத்து அடைத்தால் வித்தை நின்றுவிடும். பணம் போவதைவிட, பிள்ளை பொய் சொல்லப் பழகுவதுதான் எனக்கு வேதனை. வலது மூளைக்காரர், இடது மூளைக்காரர் என்ற பேச்சும் அப்படித்தான்: 2013-ல் ஆயிரம் பேருக்கு மேல் மூளை ஸ்கேனை அலசிய யூட்டா பல்கலைக்கழக ஆய்வில் அப்படிப்பட்ட ஆள்வகை எதுவும் தென்படவில்லை. பையன் பழைய ரேடியோவைக் கழற்றினால் திட்டாதீர்கள். அது போதும்.

சாட்ஜிபிடியிடம் கேட்டால் நிமிடத்தில் ஐம்பது யோசனை தருகிறதே, நாம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?
– வாசகர், மதுரை

கேளுங்கள், ஆனால் முதலில் கேட்காதீர்கள். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏஐ கொடுத்த யோசனையை வைத்து எழுதிய கதைகள் தனித்தனியாகப் பார்க்கும்போது மேலாக இருந்தன. மொத்தமாகப் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இருந்தன. மாதிரியைப் பார்த்துவிட்டால் மனம் அதை விட்டு நகராது. 1991-ல் பொறியாளர்களுக்கு ஒரு மாதிரி வடிவமைப்பைக் காட்டியபோது, அதிலிருந்த குறைகளையும் சேர்த்தே நகலெடுத்தார்கள். உங்கள் பட்டியல் முடிந்த பிறகு அதைக் காட்டி, "இதில் என்ன விட்டுப்போயிற்று?" என்று கேளுங்கள்.

கும்பகோணம் பக்கம் சின்னப் பலகாரக் கடை வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே புதுக் கடைகள் வந்துவிட்டன. புதிதாக ஏதாவது செய்யணும், ஆனால் எங்களுக்கு அவ்வளவு யோசிக்கத் தெரியாது.
– வாசகி

அப்படிச் சொல்லாதீர்கள். கோவை முருகானந்தம், மனைவி மாதவிடாய்க்குத் துணியைப் பயன்படுத்துவதைப் பார்த்து ஏன் என்று கேட்டதில் ஆரம்பித்தவர். கோடிகளில் விலை போன நாப்கின் இயந்திரத்தின் வேலையை அரைப்பது, அழுத்துவது, சுற்றுவது, கிருமி நீக்குவது என்று சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார். 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நீங்களும் ஒரு பலகாரத்தைப் பிரித்துப் பாருங்கள். அதிரசம் என்று வைத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, ஈரப்பதத்தோடு இடித்து, பாகு காய்ச்சி, மாவு கிளறி, ஓரிரு நாள் வைத்து, தட்டி, சுட்டு, எண்ணெயைப் பிழிந்தெடுக்கணும். இதில் வீட்டில் இருப்பவர்கள் பயப்படுவது எதற்கு? பாகுக்குத்தான். பதம் தப்பினால் எண்ணெயில் உதிர்ந்துவிடும். அப்படியானால் பதமான மாவை மட்டும் விற்கலாமே? தீபாவளி நோன்புக்கு வீட்டிலேயே சுட்டுப் படைக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். கருப்பட்டியில் ஒன்று, குழந்தைகள் கையில் அடங்கும் அளவில் ஒன்று என்று ஒவ்வொரு படியிலும் "இதை மாற்றினால்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். பொட்டலத்தின் மேல் செய்முறையோடு உங்கள் போன் நம்பரையும் அச்சடித்துவிடுங்கள். சுடும்போது தகராறு வந்தால் கூப்பிடுவார்கள். என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.