கருவிப் பை ஸ்டேஷனில், நான் வெளியில்

கேள்வி: பொள்ளாச்சியில் கார் சாவி வேலை பார்க்கிறேன். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட ஒருவருக்கு நள்ளிரவில் காரைத் திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, வாகனச் சோதனையில் போலீசார் என் பையைப் பார்த்தார்கள். லிஷி (சாவித் துளையில் விட்டுப் பூட்டைத் திறக்கும் கருவி), ஏர் வெட்ஜ் (கதவிடுக்கில் வைத்துக் காற்றடித்து விரிக்கும் பை), நீளக் கம்பி எல்லாம் இருந்தன. ‘திருட்டுச் சாமான்’ என்று பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீதும் இல்லை, வழக்கும் இல்லை. இவற்றை வைத்திருப்பது குற்றமா?

பதில்: தொழிலுக்காக வைத்திருந்தால் குற்றமில்லை. நம் ஊரில் மாற்றுச் சாவிக்கே கள்ளச்சாவி என்றுதான் பேர். சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் திருட்டு என்று சொல்ல நேர்மையற்ற நோக்கம் வேண்டும். பையில் கம்பி இருந்தால் மட்டும் போதாது.

சந்தேகம் தரும் சூழலில் கிடைத்த பொருளைக் கைப்பற்ற பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106வது பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அதை உடனே குற்றவியல் நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பட்டியல்கூட எழுதாமல் பையை அலமாரியில் வைப்பது கைப்பற்றல் ஆகாது.

முதலில் ஆய்வாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். ‘கருவிகள்’ என்று மொத்தமாக எழுதாதீர்கள். லிஷி ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும் அல்லவா, அதை அப்படியே எழுதுங்கள். எச்.யு.66 என்றால் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வகைப் பூட்டுக்கு. அது திறப்பதோடு நிற்காமல், உள்ளே இருக்கும் தகடுகளின் வெட்டளவையும் காட்டும். அதை வைத்துப் புதுச் சாவி வெட்டலாம். நடுவரிடம் நான் பேசுவதாக இருந்தால் இதைத்தான் முதலில் சொல்வேன். கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுபவனுக்கு வெட்டளவு எதற்கு?

அன்றிரவு வந்த அழைப்பு, ஜிபே வரவு, கடைப் பதிவு எல்லாவற்றையும் மனுவோடு இணையுங்கள். போலீசார் அசையவில்லை என்றால் அதே பி.என்.எஸ்.எஸ். 503வது பிரிவில் நடுவரிடம் மனு போடலாம். கைப்பற்றிய பொருளைக் காவல் நிலையத்தில் தேவையில்லாமல் போட்டு வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியிருக்கிறது.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று. அந்தக் கார் யாருடையது என்று பார்த்தீர்களா? எனக்குப் பையைவிட அதுதான் கவலை. அழைத்தவர் திருடனாக இருந்தால், உரிமையாளர் என்று நம்பித்தான் திறந்தேன் என்று நீங்கள் சொல்லலாம்; பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 17வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் நல்லெண்ணம் என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் பொருள், உரிய கவனத்தோடு செய்வது. முகத்தைப் பார்த்து நம்பினேன் என்றால் எடுபடாது. ஆர்.சி. காருக்குள் இருக்கிறது என்பார்கள். பரவாயில்லை, அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு திறங்கள், திறந்ததும் ஆர்.சி.யைப் பாருங்கள். பெயர் பொருந்தவில்லையா? உரிமையாளரிடம் போனில் பேசாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டி எண், நேரம், கையெழுத்து இவற்றுக்கு ஒரு நோட்டு போடுங்கள்.

அப்புறம், கருவிகளுக்குப் பில் இல்லை என்று பயப்பட வேண்டாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் விவரம் செயலியிலேயே கிடக்கும். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகும்போது பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.