கேட்டது காற்றில், கேட்காதது ஏட்டில்

கேள்வி: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம் என மூன்று கிராம சபையிலும் எங்கள் தெருவுக்குக் கழிவுநீர் வாய்க்கால் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ‘செஞ்சிடலாம்’ என்றார்கள். ஒரு செங்கல்கூட வரவில்லை. கிராம சபை வெறும் சடங்குதானே? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: மூன்று முறை கேட்டீர்கள், சரி. மூன்றில் ஒரு முறையாவது அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்தீர்களா? ‘செஞ்சிடலாம்’ என்பதற்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு எண் கிடையாது.

நீங்கள் விட்டுவிட்ட கூட்டம்தான் முக்கியமானது: அக்டோபர் 2. அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அன்று தொடங்கி ஜனவரி இறுதிக்குள் தயாராகிறது. ஜனவரி 26-இல் கேட்பது கடைசிப் பேருந்தை ஓடிப் பிடிக்கிற கதை. மே தினத்தில் கேட்டால், அந்த ஆண்டுக்கான வேலைகள் ஏற்கெனவே இணையத்தில் ஏறியிருக்கும்.

வாயால் கேட்காதீர்கள். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே தலைவருக்கு மனு எழுதி, இரண்டு படி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்த ஊரென்றால் தனி அலுவலரிடம் கொடுங்கள். ‘அடிப்படை வசதி செய்து தரவும்’ என்று எழுதினால் மதிப்பீடு போட வரும் ஓவர்சீயருக்கு ஒன்றும் புரியாது. எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், எத்தனை வீடு, தண்ணீர் இப்போது எங்கே தேங்குகிறது என்று எழுதுங்கள். வாய்க்கால் போகும் இடத்தின் சர்வே எண்ணையும் சேருங்கள். ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டில் அது புறம்போக்கா, பட்டாவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. ஓரிடத்தில் பட்டா குறுக்கிட்டாலும் வேலை அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள்: வாய்க்கால் எங்கே போய் முடியும்? முடிவிடம் இல்லாமல் கட்டிய வாய்க்கால்தான் பல ஊர்களில் கொசுத் தொட்டியாக நிற்கிறது. ஊருணியில் விட்டால் அடுத்த சண்டை அங்கே ஆரம்பமாகும். உறிஞ்சுகுழிக்கு இடம் காட்டி, அதையும் மனுவிலேயே கேளுங்கள்.

பணம் இல்லை என்பார்கள். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் (2021–26) 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. கழிவுநீர் அந்தத் தலைப்பில் வருவது. ‘எந்த நிதியில், மீதி எவ்வளவு?’ என்று கேளுங்கள். கூட்டத்தில் வைக்கவேண்டிய வரவு செலவுக் கணக்கு அதற்குத்தான். யாரும் கேட்காததால் அதை வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறார்கள்.

கூட்ட நாளில் நடப்பது உங்களுக்கே தெரியும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அரசு அனுப்பிய கூட்டப் பொருள்களை வாசிக்கும்போதே பாதிக் கூட்டம் கலைந்துவிடும். ஊர்க் கோரிக்கைகள் வருவதோ கடைசியில், ‘இதர பொருள்’ என்ற தலைப்பில். அப்போது அங்கே இருப்பவர்கள்தான் கிராம சபை. நீங்கள் போட்டுவிட்டுப் போன கையெழுத்து, நீங்கள் கேட்டே இராத தீர்மானத்துக்கும் ஒப்புதலாகிவிடும். உங்கள் கோரிக்கையைத் தீர்மான எண்ணோடு அங்கேயே எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். ‘அப்புறம் எழுதிக்கிறோம்’ என்றால் நகராதீர்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுங்கள்.

தெருக்காரர்களையும் கூட்டிப் போங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர் வந்தால்தான் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, நிறையும். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் உறுப்பினர்களே. ஒரு தெருவிலிருந்து முப்பது பேர் கடைசிவரை உட்கார்ந்திருந்தால் அந்தத் தெருவைத் தாண்டிப் போக எந்தத் தலைவருக்கும் துணிச்சல் வராது.

எல்லாத் தீர்மானத்துக்கும் ஒரே வலிமை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். டாஸ்மாக் கடையை மூடும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. அந்தத் தீர்மானம் மாவட்ட ஆட்சியரிடம் வைக்கும் சான்று மட்டுமே. தெருவாய்க்கால் அப்படியல்ல, அது ஊராட்சியின் சொந்த வேலை. தட்டிக்கழிக்க முடியாது.

பிறகு தீர்மான நகல் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஜனவரி முடிந்ததும், ஊராட்சித் திட்டங்கள் ஏற்றப்படும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டத்தைத் திறந்து பாருங்கள். வாய்க்கால் அதில் இல்லையென்றால், நகலை எடுத்துக்கொண்டு மார்ச் 22 கிராம சபைக் கூட்டத்துக்குப் போய், ஏன் விடுபட்டது என்று தீர்மான எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு வரும் பதிலையும் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.