கண்துடைப்பும் மேசைத் துடைப்பும்

கேள்வி: ஹோட்டல்களில் அதிகாரிகள் சோதனை போட்டுக் கெட்டுப்போன கறியைக் கிலோ கணக்கில் அழிக்கிறார்கள். மறுநாளே அதே கடையில் கூட்டம் அலைமோதுகிறது. இதெல்லாம் வெறும் கண்துடைப்புதானா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: கண்ணைத் துடைப்பது இருக்கட்டுங்க, மேசையைத் துடைக்கிறார்களே, அதைப் பார்த்தீர்களா?

சத்தி ரோட்டில் எந்த மெஸ்ஸில் உட்கார்ந்தாலும் முதலில் வருவது இலை அல்ல, அந்தத் துணி. வாங்கியபோது என்ன நிறம் என்று அதற்கே மறந்திருக்கும். பக்கத்து மேசைக் குழம்பை நமக்குக் கொண்டுவரும், நம் ரசத்தை அடுத்த மேசைக்குக் கொண்டுபோகும். சாதி, மதம், சைவம், அசைவம் எதுவும் பார்க்காது. "தம்பி, இதை எப்பத் துவைப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "இப்பத்தானுங்க தொடைச்சேன்" என்றார். துவைப்பதற்கும் துடைப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எங்கள் பிழைதிருத்தும் பிரிவில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஃப்ரிட்ஜில் இருக்கும் கறியாவது அதற்குக் கீழே போக வாய்ப்புண்டு. பெருந்துறை வெயிலில் கிடக்கும் ஈரத்துணி எங்கே போகும்? ஆனால் கறியை எடை போட்டுப் படம் பிடிக்கலாம். துணியைப் பிடித்தால் எந்தப் பேப்பரில் போடுவார்கள்!

சரி, நீங்கள் கேட்டது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, குறை கண்டதும் கடையைப் பூட்டச் சொல்லவில்லை. திருத்திக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ். அதற்குக் குறைந்தது 14 நாள் அவகாசம். அப்புறமும் கேட்காவிட்டால் உரிமம் நிறுத்தம், பிறகு ரத்து. சுகாதாரக்கேட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உரிம எண்ணும் 14 இலக்கம்தான். ராமருக்கு 14 வருஷம், புரோட்டாக் கடைக்காரருக்கு 14 நாள். அவர் காட்டுக்குக்கூடப் போக வேண்டியதில்லை, கல்லாவிலேயே கழிக்கலாம்.

துடைப்பு என்றதும் வடை ஞாபகம் வருகிறது. எண்ணெயைத் துடைக்கிறேன் என்று பழைய பேப்பரில் வைத்து அமுக்குகிறோமே, அது கடைக்காரர் குற்றம் மட்டுமா? அச்சு மை உடம்புக்கு ஆகாது என்று 2018-ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதிகளிலேயே அதற்குத் தடை இருக்கிறது. போன மாதம் ஒரு பேக்கரியில் எனக்கு உளுந்து வடை வந்தது நம் இதழின் கவிதைப் பக்கத்தில். புதுக்கவிதை உடம்புக்கு ஆகாது என்று நான் எழுதியபோதெல்லாம் கட்டுக்கட்டாகக் கடிதம் போட்டுத் திட்டினீர்கள். இப்போது மத்திய அரசே விதி போட்டுவிட்டது, என்ன செய்வீர்கள்?

வடையின் அடியில் நாலு வரி இடம்வலம் மாறிப் பதிந்திருந்தது. நாங்கள் அச்சிட்டதைவிட அது கொஞ்சம் புரிந்தது. சாப்பிட்டுவிட்டேன்.