11ஆம் எண் கூண்டு

கேள்வி: ஒவ்வொரு புயலுக்கும் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். டிவியில் மணிக்கொரு தரம் சொல்கிறார்கள். அப்படியும் கடலோரக் கிராமத்து ஜனங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப மறுக்கிறார்கள். விழிப்புணர்வு இல்லாததுதானே காரணம்? கிராமங்களில் பேரிடர் மேலாண்மைக்கு என்ன செய்யலாம்?
— வாசகர் ஒருவர், முத்துப்பேட்டை

பதில்: கூண்டு என்றீர்கள் பாருங்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

பத்து வயது வரைக்கும், புயலை அந்தக் கூண்டில் பிடிக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எலிக்கூண்டு ஒன்று இருந்தது. மசால்வடைத் துண்டை மாட்டி வைத்தால் காலையில் எலி இருக்கும். நாகப்பட்டினம் துறைமுகத்தில் இதையே பெரிசாகச் செய்து மேலே ஏற்றியிருக்கிறார்கள் போல. ‘நாகையில் 3ஆம் எண் கூண்டு’ என்று அப்பா பேப்பரைப் படித்தால், சரி, முதல் இரண்டு கூண்டிலும் சிக்காமல் தப்பித்துவிட்டது என்று கணக்குப் போடுவேன். புயலுக்கு எந்த வடையை மாட்டுவார்கள் என்பதுதான் தீராத சந்தேகம். அண்ணனிடம் கேட்டதற்கு ‘தென்னைமரம்’ என்றான். 2018இல் கஜா புயல் போன பிறகு பேராவூரணிப் பக்கம் போயிருந்தேன். தோப்பு தோப்பாக ஒரே திசையில் படுத்துக் கிடந்த மரங்களைப் பார்த்தபோது அவன் சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது.

விவரம் தெரிந்த பிறகு விசாரித்தால், அது கூண்டே இல்லையாம். கம்பத்தில் கூம்பும் உருளையுமாகத் தொங்கவிடுகிற அடையாளம். ராத்திரியில் அதற்குப் பதில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. 1864இல் கல்கத்தாவை ஒரு புயல் புரட்டிப்போட்டது. மறு வருடமே அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை வந்துவிட்டது. யாருக்காக? கப்பல்காரர்களுக்காக. துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் போகும் புயலுக்கு 5, வலப்பக்கம் விட்டால் 6, துறைமுகத்தின் மேலேயோ பக்கத்திலோ கரையேறினால் 7. இதே மூன்றும் கடும்புயல் என்றால் 8, 9, 10. நங்கூரத்தை எடுப்பதா, அங்கேயே கிடப்பதா என்று யோசிக்கிற மாலுமிக்கு இது தேவாமிர்தம். வேதாரண்யம் பக்கத்தில் கூரைவீட்டில் இருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? தண்ணீர் எங்கள் தெரு வரைக்கும் வருமா, எத்தனை மணிக்கு வரும், ஆட்டுக்குட்டிகளை எங்கே கொண்டுபோய் அடைப்பது என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு எண் கிடையாது. நாமும் ஒன்றரை நூற்றாண்டாகக் கப்பலுக்குப் போட்ட கடிதத்தைக் குடிசை வாசலில் படித்துக் காட்டிவிட்டு, ‘சொன்னோமே, கேட்கவில்லையே’ என்று அங்கலாய்க்கிறோம்.

அடுத்து, விழிப்புணர்வு. இந்தச் சொல்லுக்கும் எனக்கும் உள்ள பகை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அடிபட்டவன் தலையிலேயே பழியைக் கட்டுவதற்கு இதைவிட வசதியான சொல் தமிழில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் பேனர் பிடித்து நடக்கவிட்டு, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தால் விழிப்புணர்வு வந்துவிட்டதாகக் கணக்கு.

1977 நவம்பர் 12. நாகைக்குத் தெற்கே புயல் ஏறிய ராத்திரி எங்கள் அப்பாயி கண்ணை மூடவே இல்லை. விழிப்பு என்றால் அதுதான் விழிப்பு. சாயங்காலமே தலையாரி வந்து எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருந்தார். அப்பாயி கேட்டது ஒன்றே ஒன்று: ‘மாட்டையும் ஓட்டியாரலாமா?’ அவர் சிரித்தார். எங்களை அனுப்பிவிட்டு அவள் கொட்டகையில் அரிவாளோடு உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் ஏறினால் கயிற்றை அறுத்துவிட வேண்டும். கட்டிக்கிடக்கிற மாடு சாகும், அவிழ்த்துவிட்ட மாடு நீந்திப் பிழைக்கும். எங்கள் வீட்டில் பணம் காசு என்று இருந்ததெல்லாம் அந்தக் கறவைதான். அதை விட்டுவிட்டு வா என்பது, உங்களையும் என்னையும் பேங்க் பாஸ்புக்கைக் கிணற்றில் போட்டுவிட்டு வரச் சொல்வது மாதிரி.

இது வங்காளதேசத்துக்காரர்களுக்கு நம்மைவிடச் சீக்கிரம் புரிந்தது. 1970இல் போலா புயலில் அங்கே செத்தவர்கள் மூன்று லட்சத்துக்குக் குறையாது. அதற்கப்புறம் கிராமம் கிராமமாகத் தொண்டர்களைச் சேர்த்தார்கள். மெகாபோனில் கூப்பிடுவார்கள், கொடி ஒன்று, இரண்டு என்று கூடும், மூன்றாவது ஏறினால் கிளம்பிவிட வேண்டும். எண்ணத் தெரிந்தால் போதும். அப்படியும் 1991இல் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர் போனார்கள். எச்சரிக்கை போகத்தான் செய்தது. ஓடி ஏறுவதற்குப் போதுமான கட்டடம் இல்லை. இதற்குப் போய் விழிப்புணர்வு முகாமா நடத்துவது? காப்பகம் கட்டினார்கள். 2007இல் சித்ர் வந்தபோது சாவு மூவாயிரத்துச் சொச்சம். அதுவும் கொஞ்சமில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது அவர்களுடைய ‘கில்லா’. கோட்டை என்று அர்த்தம். பார்த்தால் வெறும் மண்மேடு, ஆடுமாடு ஏறி நிற்பதற்காகவே கொட்டி உயர்த்தியது. எங்கள் அப்பாயி அங்கே பிறந்திருந்தால் மாட்டோடு போய் மேட்டில் உட்கார்ந்திருப்பாள்.

இந்த இடத்தில் எங்கள் பிழைதிருத்துநரோடு ஒரு பாக்கி இருக்கிறது. ‘புயல் கரையைக் கடந்தது’ என்று எங்கே பார்த்தாலும் நான் அடிப்பேன், அவர் திருப்பி எழுதுவார். இலக்கணப்படி சரியாம். சரிதான் ஐயா. சென்னையில் காபியோடு அதைப் படிப்பவருக்கு, அப்பாடா முடிந்தது என்று காதில் விழுகிறது. பட்டுக்கோட்டைக்காரருக்கு அப்போதுதான் தொடங்குகிறது. கஜா நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறி, உள்ளே தஞ்சை, புதுக்கோட்டை என்று போய்த்தான் லட்சக்கணக்கில் தென்னையைச் சாய்த்தது. கடலே பார்க்காத ஊர்களில்! ‘கரையேறியது’ என்று போடுங்கள் என்கிறேன். ‘கடைத்தேறியது மாதிரி இருக்கிறது’ என்கிறார். இந்த இதழில் எது அச்சாகப்போகிறது என்று நானும் பார்க்கிறேன்.

எண்களில் ஒன்றை வேண்டுமென்றே மிச்சம் வைத்தேன். 11. அதற்கு அர்த்தம், வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமாக ஏதோ வரும்போல் இருக்கிறது. கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்கள் கரண்ட் இல்லாமல், செல்போன் டவர் இல்லாமல், 11ஆம் எண் கூண்டுக்குள்ளேதான் வாரக்கணக்கில் கிடந்தன. அப்போது ஊருக்குள் யார் ராஜா தெரியுமா? மைக் செட்காரர். ஜெனரேட்டர் அவரிடம்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடவும் அது, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் அது. ஆனால் எந்தப் பேரிடர்க் குழுவிலும் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

ஒலிபெருக்கியைக் குறைவாக எடைபோட வேண்டாம். புதுச்சேரிப் பக்கத்து நல்லவாடு மீனவ ஊரில், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையத்துக்கு ஒரு மைக் இருந்தது. அன்றாடம் அலை எவ்வளவு உயரம், மீன் என்ன விலை என்று சொல்வதற்கு. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். அதே மைக்கில், பழகிய குரலில், ஓடுங்கள் என்று சொன்னார்கள். ஓடினார்கள். ஊர் பிழைத்தது. நேற்று வரை வஞ்சிரம் விலை சொன்ன மைக் என்பதால் நம்பினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

‘என்ன செய்யலாம்’ என்றுதானே கேட்டீர்கள்? உங்கள் ஊர் மைக் செட்காரரிடம் எத்தனை லிட்டர் டீசல் கையிருப்பு இருக்கிறது என்று ஐப்பசி பிறப்பதற்குள் கேட்டு வையுங்கள். அவர் போன திருவிழா பாக்கியைக் கேட்டால், கமிட்டித் தலைவரைக் கைகாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.