சிறிய மனையில் 160 மீட்டரைக் கேட்க எந்த ஆன்டெனா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் மனை 12 மீட்டர் அகலமும் 18 மீட்டர் நீளமும் கொண்டது, அதில் முன்பாதியில் வீடு இருக்கிறது. பின்புற மூலையில் நிற்கும் 12 மீட்டர் உயரச் செங்குத்து ஆன்டெனாவில் 160 மீட்டர் அலைவரிசையில் (அமெச்சூர் வானொலியின் 1.8 மெகாஹெர்ட்ஸ் பகுதி) அழைத்தால் தொலைதூர நிலையங்கள் பதில் தருகின்றன என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டர் இரைச்சலால் இரவெல்லாம் 8-லேயே நிற்பதால் அந்தப் பதில் எனக்குக் கேட்பதில்லை. கேட்பதற்கென்று தனி ஆன்டெனா வைக்க வேண்டுமானால் இந்த இடத்துக்கு எது பொருந்தும்?

பதில்: ஆன்டெனாவுக்குக் கம்பி வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை வேறொரு வேலைக்கு ஒதுக்குங்கள். ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கிக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் கணிசமாகக் குறைந்தால் உங்கள் எதிரி உங்கள் கூரைக்குக் கீழேயே இருக்கிறது என்று பொருள். மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுற்றாக இணைத்துக்கொண்டே வந்தால் எந்த எல்இடி விளக்கு, எந்த மடிக்கணினி சார்ஜர், எந்த இன்வெர்ட்டர் காரணம் என்பது தெரிந்துவிடும். வீட்டுக்குள் பிறக்கும் இரைச்சலைக் களையாமல் வெளியே எவ்வளவு நல்ல ஆன்டெனாவை நிறுத்தினாலும் பயன் மிகக் குறைவு என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

அதன் பிறகும் இரைச்சல் மிஞ்சினால்தான் ஆன்டெனாவைப் பற்றிப் பேச வேண்டும். 1.8 மெகாஹெர்ட்ஸில் வெளியிலிருந்து வரும் இரைச்சல், ரிசீவருக்குள் பிறக்கும் இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே கேட்கும் ஆன்டெனா வலுவாக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே 30 டெசிபெல் குறைந்தாலும், அவற்றுக்கு இடையிலான விகிதம் மேம்பட்டிருந்தால் அதுவே ஆதாயம். இந்த மேம்பாட்டைத் திசைத்தன்மைக் காரணி என்ற அளவால் ஒப்பிடுவார்கள்; விரும்பும் திசையில் ஆன்டெனா கேட்பது எல்லாத் திசைகளின் சராசரியைவிட எவ்வளவு அதிகம் என்பதே அது. குட்டையான செங்குத்துக் கம்பிக்கு அது ஏறத்தாழ 5 டெசிபெல். உங்கள் மனையில் அடங்கக்கூடிய நல்ல வளைய ஆன்டெனாக்களுக்கு 7 டெசிபெலுக்குச் சற்று மேல். இரண்டே டெசிபெல்தானே என்று எண்ண வேண்டாம். இரைச்சல் மட்டத்தின் விளிம்பில் தவிக்கும் மோர்ஸ் சிக்னலைப் படிக்க முடிவதும் முடியாமல் போவதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

உங்களுக்கு என் முதல் பரிந்துரை கே9ஏஒய் வளையம். கேரி பிரீட் 1997-இல் வெளியிட்ட வடிவமைப்பு அது; அவரது வானொலி அழைப்புக்குறியே அதன் பெயர். ஏறத்தாழ 7.5 மீட்டர் உயர நடுக்கம்பத்தின் உச்சியிலிருந்து 25 மீட்டர் கம்பியொன்று இருபுறமும் சரிந்து, மீண்டும் கம்பத்தின் அடிக்கே வந்து சேரும். கேபிள் இணையும் ஒரு முனையில் மின்மறுப்பை 9:1 விகிதத்தில் மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர், மறுமுனையில் 400 முதல் 500 ஓம் அளவிலான மின்தடை, நடுவில் ஒரு எர்த் கம்பி. குறுக்காக இரண்டு வளையங்களைக் கட்டி ரிலேயால் முனைகளை மாற்றினால் நான்கு திசைகளும் கிடைக்கும். தரையில் அது பிடிக்கும் இடம் 9 மீட்டர் விட்டம் மட்டுமே என்பதால் உங்கள் பின்புறத்தில் அடங்கும்.

மண் வறண்டு எர்த் சரியாக அமையவில்லை என்றால் கொடி ஆன்டெனா நல்லது. 8.8 மீட்டர் நீளமும் 4.3 மீட்டர் உயரமும் கொண்ட செவ்வக வளையம், சுமார் 950 ஓம் மின்தடை; எர்த் தேவையில்லை. அது மின்தடை உள்ள பக்கத்தைக் கேட்காது, கேபிள் இணைந்த பக்கத்தையே கேட்கும் என்பதை மறவாமல் திசை வையுங்கள்.

இவற்றில் எதைக் கட்டினாலும் கெடுப்பது பெரும்பாலும் கேபிள்தான். வளையம் தரும் சிக்னல் மிகச் சிறியது. கோஆக்சியல் கேபிளின் வெளிப்பின்னல் தானே ஒரு ஆன்டெனாவாகி வீட்டு இரைச்சலைச் சுமந்து வந்தால், வளையத்தின் திசைத்தன்மை முழுவதும் அதில் மூழ்கிவிடும். இதற்கு எளிய சோதனை உண்டு. வளையத்தைக் கழற்றிவிட்டு, கேபிளின் தோட்ட முனையில் 75 ஓம் மின்தடையை இணைத்து ரிசீவரில் கேளுங்கள். பேண்ட் அமைதியாக இருக்க வேண்டும். நிலையங்களோ சார்ஜரின் இரைச்சலோ கேட்டால், இதுவரை கேட்டுக்கொண்டிருந்தது உங்கள் கேபிள். இதைத் தடுக்க, டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளையும் துணைச் சுருளையும் ஒன்றோடொன்று தொடாதபடி தனித்தனியாகச் சுற்றுங்கள். 31 எண் ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கேபிளைப் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றி, ஆன்டெனா வளையத்தின் அருகில் ஒன்றும் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் ஒன்றும் வையுங்கள். பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

உங்கள் செங்குத்து ஆன்டெனா சில மீட்டர் தூரத்திலேயே நிற்பதால் இன்னொரு கவனமும் வேண்டும். அது தான் வாங்கிய இரைச்சலை மறுபடி வீசி வளையத்தின் வடிவத்தைக் குலைக்கும். கேட்கும் நேரத்தில் அதன் அடியை ஒரு ரிலேயால் துண்டித்துவிட்டால் 160 மீட்டரில் ஒத்திசைவு போய்விடும். அனுப்பும் நேரத்தில், மறுதலையாக, வளையத்தை ரிசீவரிலிருந்து பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரிசீவரின் முன்பகுதி எரிந்துபோகக்கூடும்.

கேள்வி: உலோகக் குழாய்க்குள் கம்பியை வைத்த சிறிய வளையம், இரைச்சலை உள்ளே விடாமல் தடுக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. அந்தக் குழாய் வளையத்தைச் சமநிலையில் வைக்க உதவுகிறது. வானலையில் இரைச்சலையும் சிக்னலையும் பிரித்தறியும் ஆற்றல் அதற்கு இல்லை. ஒரு மீட்டர் விட்டச் சிறு வளையத்தின் உண்மையான பலம், அதன் தளத்துக்குச் செங்குத்தான இரு பக்கங்களிலும் உள்ள ஆழமான செவிட்டுத் திசை. ஒரே திசையிலிருந்து வரும் ஒரே பெரிய இரைச்சலை, கையால் சுழற்றி அந்தத் திசையில் நிறுத்தி மறைத்துவிடலாம். வானில் வளைந்து சாய்வாக இறங்கும் தொலைதூரச் சிக்னல்களில் பல அப்போதும் கேட்கும். இரைச்சல் பல திசைகளிலிருந்து வந்தால் கே9ஏஒய் வளையமே மேல்.

கேள்வி: மதிற்சுவரை ஒட்டி நாற்புறமும் கம்பி ஓட்டினால் பெவரேஜ் ஆன்டெனா ஆகுமா?

பதில்: ஆகாது. ஹரால்ட் பெவரேஜ் 1921-இல் காப்புரிமை பெற்ற அந்த ஆன்டெனா, நேராகச் செல்லும் நீண்ட கம்பியில் அலை தவழ்ந்து சேர்வதால் வேலை செய்கிறது. 160 மீட்டரில் ஓரலை நீளம் வேண்டும். மடக்கிச் சுற்றிய கம்பியில் அந்தச் சேர்க்கை நிகழாது.

கேள்வி: ரிசீவருக்கு முன் சிக்னலைப் பெருக்கும் முன்பெருக்கி அவசியமா?

பதில்: வளையத்தின் கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மாட்டியவுடன் இரைச்சல் தெளிவாக உயர்ந்தால் தேவையில்லை. கொடி ஆன்டெனாவுக்கு அநேகமாகத் தேவைப்படும்.